எதிர் வீட்டுக்குத் தெரியாத என் கடை: கூகுள் வரைபடத் தேடலில் பட்ட அனுபவங்கள்

ஏசி மெக்கானிக், மடிப்பாக்கம், சென்னை

சென்ற மே மாதம் நடந்த ஒன்று இன்னும் மனத்தை அறுத்துக்கொண்டிருக்கிறது. மே மாதத்தில் ஏசி வேலை எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வேளச்சேரியில் ஒரு கேஸ் சார்ஜ் வேலையை முடித்துவிட்டு மதியம் மூன்று மணிக்கு எங்கள் தெருவில் வண்டியை நிறுத்தினேன். என் கடைக்கு எதிர் வரிசையில் நான்காவது வீட்டு மாடியில், முன்பின் தெரியாத ஒருவர் அவுட்டோர் யூனிட்டைத் திறந்து வாட்டர் சர்வீஸ் செய்துகொண்டிருந்தார். விசாரித்தேன், தாம்பரத்திலிருந்து வந்திருந்தார்.

அந்த வீட்டு அம்மா என்னைப் பார்த்துச் சங்கடப்பட்டார். "தம்பி, பெங்களூர்ல இருக்கிற பையன் போன்லயே தேடி ஆளை அனுப்பிட்டான். நான் உன்னைத்தான் சொன்னேன். அந்தப் பேரே வரலையேம்மா, நம்பலாமான்னு கேட்டான்" என்றார். மகன் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டையும் காட்டினார். வரைபடத்துக்குக் கீழே மூன்று பெயர்கள் இருந்தன. மூன்றும் நம் பேட்டையைச் சேர்ந்தவை அல்ல. "நம்பலாமா" என்ற அந்த ஒரு சொல்தான் இன்று வரை உறுத்துகிறது. பன்னிரண்டு ஆண்டுகளாக அதே தெருவில் ஷட்டர் தூக்குகிறவனின் நம்பகத்தன்மையை ஒரு திரை முடிவு செய்துவிட்டது.

கூகுள் வரைபடத்தில் கடையைக் காட்டும் என் வணிகக் கணக்கு 2019 முதல் வெரிஃபை ஆன கணக்கு. பிறகு உட்கார்ந்து பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. கடை தொடங்கிய காலத்தில் ஸ்டெபிலைசரும் விற்றேன் என்பதால் முதன்மை கேட்டகரியை, அதாவது என்ன தொழில் என்று காட்டும் வகையை, 'மின்சாதனக் கடை' என்று வைத்திருந்தேன். அதன் பிறகு அதைத் திறந்து பார்க்கவே இல்லை. முதன்மை கேட்டகரி ஒன்று, துணை கேட்டகரிகள் ஒன்பது வரை வைக்கலாம். ஏசி பழுதுபார்க்கும் சேவை என்பதை முதன்மையாக மாற்றினேன். மூன்று வாரத்தில் அழைப்புகள் வரத் தொடங்கின. இதுபோல் வரைபடத்தில் காணாமல் போன அனுபவம் உங்களுக்கும் இருந்தால் எழுதுங்கள்.

பிளம்பர், மதுரை

நண்பரே, என் தவறு கேட்டகரியில் நேரவில்லை, பெயரில் நேர்ந்தது. எங்கள் கடைப் பலகையில் இருப்பது தாத்தாவின் பெயர் மட்டுமே. ஒரு விளம்பர முகவரின் பேச்சைக் கேட்டு, வரைபடத்தில் அந்தப் பெயரோடு 'மதுரையின் சிறந்த பிளம்பர், டேங்க் கிளீனிங், 24 மணி நேரம்' என்று சேர்த்தேன். இரண்டு மாதம் அழைப்புகள் கூடின என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி மழை பிடித்த ஒரு காலையில் கணக்கு சஸ்பெண்ட் ஆகிக் கிடந்தது. பலகையிலும் பில்லிலும் உள்ள பெயரே வரைபடத்திலும் இருக்க வேண்டும் என்ற விதியை அதன் பிறகுதான் படித்தேன்.

பெயரைத் திருத்திவிட்டு மேல்முறையீடு செய்த நாளை நான் மறக்க மாட்டேன். அண்ணா நகரில் ஒரு வீட்டின் மேல்நிலைத் தொட்டியில் பால் வால்வ் மாற்ற ஏறுவதற்கு முன், ஏணியடியில் நின்றபடியே படிவத்தை அனுப்பினேன். அனுப்பிய நேரத்திலிருந்து 60 நிமிடத்துக்குள் ஆதாரங்களை இணைக்க வேண்டும் என்பதை நான் கவனிக்கவில்லை. மேலே டெஃப்லான் டேப் சுற்றிக்கொண்டிருந்தபோது ஏதோ தோன்றி, ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டுப் போனை எடுத்துப் பார்த்தால் பதினெட்டு நிமிடம்தான் மிச்சம் இருந்தது. சிறு தொழில் பதிவுக்கான உத்யம் சான்றிதழ் வீட்டுப் பீரோவில் இருந்தது. கடை மின் இணைப்போ இன்னும் தாத்தாவின் பெயரிலேயே இருந்தது. மனைவி சான்றிதழைப் படம் பிடித்து வாட்ஸாப்பில் அனுப்பினார். அவர் கையின் நிழல் சரியாகப் பெயரின் மேல் விழுந்திருந்தது. இரண்டாவது படம் வந்து சேர்வதற்குள் நேரம் முடிந்துவிட்டது. தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் அப்படியே நின்றேன்.

மறுபரிசீலனை கேட்டுக் கணக்கு திரும்பி வர ஐந்து வாரம் ஆனது. மழைக்காலத்தின் பெரும்பகுதி அதிலேயே போயிற்று. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் சான்றிதழ், வாடகை ஒப்பந்தம், பலகையின் படம், வண்டியில் எழுதிய பெயரின் படம் எல்லாவற்றையும் போனில் ஒரே ஃபோல்டரில் போட்டு வைத்துவிட்டு, அதன் பிறகு படிவத்தைத் தொடுங்கள்.

போர்வெல் மோட்டார் சர்வீஸ், சரவணம்பட்டி, கோவை

மடிப்பாக்கம் நண்பர் கேட்டகரியை மாற்றியதும் எல்லாம் சரியாகிவிட்டது போல எழுதியிருக்கிறார். அதை அப்படியே ஏற்றுக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. எங்களுக்கு முதல் நாளிலிருந்தே கேட்டகரி சரியாகத்தான் இருந்தது.

எங்கள் வேலை கிராமங்களில். சர்வீஸ் ஏரியாவாக, அதாவது நாம் போய் வேலை செய்யும் ஊர்களாக, 20 இடங்கள் வரை கொடுக்கலாம் என்பதால் பொள்ளாச்சி, பல்லடம், மேட்டுப்பாளையம், அவிநாசி என்று இருபதையும் நிரப்பினேன். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் சப்மெர்சிபிள் மோட்டாரை மேலே இழுத்துப் போட்டுவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது தோட்டத்துக்காரர், "உங்க நம்பர் தொலைஞ்சு போச்சுங்க, மேப்ல தேடினேன், வரலையே" என்றார். அவர் போனை வாங்கி நானும் தேடினேன். என் பெயர் இல்லை. வரைபடத்தை விரலால் வடக்கே தள்ளிக்கொண்டே போனேன். கிணத்துக்கடவில் இல்லை, சுந்தராபுரத்தில் இல்லை, காந்திபுரம் தாண்டிச் சரவணம்பட்டிக்கு வந்த பிறகுதான் என் பெயர் மேலே எழும்பியது. அந்தப் போன் திரையில் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் விரலால் நடந்தேன்.

பொருத்தம், தொலைவு, பிரபலம் என்ற மூன்றைக் கொண்டுதான் வரிசை அமைகிறது என்று கூகுள் தன் உதவிப் பக்கத்தில் எழுதியிருக்கிறது. கேட்டகரி பொருத்தத்தில் அடங்கும். தொலைவை நம்மால் மாற்ற முடியாது. நாம் எந்த முகவரியில் வெரிஃபை ஆனோமோ அதைச் சுற்றித்தான் நன்றாகத் தெரிகிறோம். சர்வீஸ் ஏரியா என்பது நாம் எங்கே வருவோம் என்று வாடிக்கையாளருக்குச் சொல்லும் அறிவிப்பு மட்டுமே என்பது என் அனுபவம். அதுவும் நம் இடத்திலிருந்து சுமார் இரண்டு மணி நேரப் பயணத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே பொள்ளாச்சியில் யாரோ தெரிந்தவர் கடை முகவரியைப் போட்டு இரண்டாவது கணக்குத் திறக்கலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள்; தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஆளே இல்லாத முகவரி என்று தெரிந்தால் நல்ல கணக்கும் சேர்ந்து போகும்.

நம் கையில் மிச்சம் இருப்பவை பொருத்தமும் பிரபலமும்தான். அவற்றுக்குச் செய்ய வேண்டியவை எல்லாம் சலிப்பூட்டுகிற, ஆனால் பலன் தருகிற வேலைகள். சேவைகள் பகுதியில் மக்கள் வாயில் வருகிறபடியே எழுதுங்கள்: மோட்டார் ரீவைண்டிங், போர்வெல் மோட்டார் இறக்குதல், பேனல் போர்டு பழுது. ஒரே போன் எண்ணை எல்லா இடத்திலும் கொடுங்கள். வரைபடத்தில் ஒன்று, பில்லில் ஒன்று, வண்டியில் ஒன்று என்று இருக்கக் கூடாது. மாதம் நான்கு படமாவது உண்மையான வேலையிடத்தில் எடுத்துப் போடுங்கள். அறிமுகக் குறிப்புக்கு 750 எழுத்து இடம் கொடுத்திருக்கிறார்கள் என்பதற்காக அதில் ஊர்ப்பெயர்களை அடுக்காதீர்கள். சொந்தமாக ஓர் இணையதளம் இருந்தால் பொள்ளாச்சி வேலைகளுக்கென்று தனிப் பக்கம் எழுதி, அங்கே செய்த வேலைகளை ஆழத்தோடும் குதிரைத்திறனோடும் குறிப்பிடுங்கள். வாடிக்கையாளர்கள் வந்து போகாத இடமென்றால் முகவரியை மறைத்துவிடுங்கள். உங்களை முதலிடத்துக்குக் கொண்டு வருகிறேன், பணம் கட்டுங்கள் என்று அழைப்பவர்களிடம் பேச்சை வளர்க்காதீர்கள். பணம் கொடுத்து இந்த வரிசையில் மேலே வர வழியில்லை என்று கூகுளே சொல்லியிருக்கிறது. பணம் கட்டி வருவது விளம்பரம். அது வேறு கணக்கு.

பிளம்பர், மதுரை

கோவை அண்ணா, முகவரியை மறைக்கச் சொல்கிறீர்கள். எங்கள் கடைக்கு ஆட்கள் வந்து பைப்பும் டேப்பும் வாங்கிப் போகிறார்கள். அப்படிப்பட்ட கடைக்காரர்கள் உங்கள் பேச்சைக் கேட்டு மறைத்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். கடையும் உண்டு, வீடு தேடிப் போவதும் உண்டு என்றால் முகவரி, சர்வீஸ் ஏரியா இரண்டையும் வைத்துக்கொள்ளலாம்.

வாட்டர் புரூஃபிங் ஒப்பந்ததாரர், சேலம்

பிரபலம் என்ற சொல்லைப் பார்த்ததும் எழுத வேண்டும் என்று தோன்றியது. நான் அந்தப் பிரபலத்துக்காக ரிவ்யூக்களை விலைக்கு வாங்கியவன். தொடங்கிய புதிதில் என் பெயருக்கு ஐந்தே ரிவ்யூ. போட்டியாளருக்கு நூற்றுக்கும் மேல். ஒருவர் நாற்பது ரிவ்யூ போட்டுத் தருவதாகச் சொன்னார், கொடுத்தேன்.

அஸ்தம்பட்டியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் மொட்டைமாடி ஒழுகலுக்காக அழைத்திருந்தார். மாடியில் விரிசல்களைச் சுண்ணாம்புக் கட்டியால் குறித்துக்கொண்டிருந்தேன். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என் ரிவ்யூ ஒன்றைச் சத்தமாகப் படித்தார். பிறகு அதை எழுதியவரின் பெயரைத் தொட்டு, அவர் எழுதிய மற்ற ரிவ்யூக்களையும் படித்தார். ஒரே நாளில் குஜராத்தில் ஒரு பல் மருத்துவமனை, கேரளத்தில் ஒரு தங்கும் விடுதி, சேலத்தில் நான். "இவர் வீட்டு மாடியை எப்போது பார்த்தீர்கள்?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. ஒரு மாணவனிடம் கேட்பது போலத்தான் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. வேலையும் கிடைக்கவில்லை.

சில வாரங்களில் அந்த நாற்பதும் நீக்கப்பட்டன. அவற்றோடு உண்மையான இரண்டும் போயின. அந்த இரண்டையும் எழுதியவர்களிடம் மீண்டும் எழுதச் சொல்ல எனக்கு முகம் இல்லை. தள்ளுபடி தருகிறேன், ரிவ்யூ போடுங்கள் என்று கேட்பதும் விதிக்குப் புறம்பானதே. இப்போது வேலை முடிந்து முதல் மழை பெய்த பிறகு, மாடி ஒழுகுகிறதா என்று கேட்க அழைக்கிறேன். இல்லை என்றால் மட்டும் இணைப்பை அனுப்புகிறேன்.

எலக்ட்ரீஷியனின் மகள், நாகர்கோவில்

சேலம் ஐயா, உங்கள் கடைசி வரியில்தான் ஒரு சிறு ஐயம். திருப்தி அடைந்தவர்களிடம் மட்டும் பொறுக்கி ரிவ்யூ கேட்பதையும் விதி தடுக்கிறது. ஒழுகினால் முதலில் சரிசெய்து கொடுத்துவிட்டு அவர்களிடமும் கேளுங்கள். கோவை அண்ணன் சொன்ன வேலைகள் எல்லாம் நல்லவைதான். ஆனால் அவற்றைத் தட்டச்சு செய்ய வீட்டில் ஓர் ஆள் வேண்டும். என் அப்பாவுக்கு அந்த ஆள் நான்.

அப்பா முப்பது ஆண்டாக வயரிங் வேலை செய்கிறார். கடை கிடையாது, வீட்டை ஒட்டிய ஒரு சிறு அறையும் ஒரு மொபெட்டும்தான். வெரிஃபிகேஷனுக்கு வீடியோ கேட்டார்கள். வெட்டாமல் ஒட்டாமல் ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும்; இடம், தொழில் செய்வதற்கான சான்று, அந்த இடம் நம் பொறுப்பில் உள்ளது என்பது மூன்றும் தெரிய வேண்டும். அப்பா பொங்கலுக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். பேச வேண்டியதில்லை என்று சொல்லியும் கேட்கவில்லை. பையைத் திறந்து, கட்டிங் பிளையர், டெஸ்டர், மெகர், கிரிம்பிங் டூல் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பெயர் சொல்லி அடுக்கினார். மெகரை எடுத்தபோது, "இது என் குருநாதர் கொடுத்தது" என்றார். அதுவரை எனக்கே அது தெரியாது.

அந்த வீடியோ நிராகரிக்கப்பட்டது. தெருப் பெயர்ப் பலகை அதில் இல்லை. அப்பா இரண்டு நாள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. தன் வேலையையே வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக எடுத்துக்கொண்டார் என்பது அவர் சாப்பிடும் விதத்தில் தெரிந்தது. அடுத்த முறை தெரு முனைப் பலகையில் தொடங்கி, வீட்டு எண், அப்பாவின் கை சாவியைப் போட்டு அறையைத் திறப்பது, வயர்மேன் சான்றிதழ், கடைசியாகப் பை என்று வரிசையாக எடுத்தேன். ஏற்றுக்கொண்டார்கள்.

இப்போது பில்லோடு ஒரு சிறு அட்டை கொடுக்கிறோம். அதில் ரிவ்யூ இணைப்பின் கியூஆர் குறி இருக்கிறது. நட்சத்திரம் போடுங்கள் என்று கேட்பதில்லை. என்ன வேலை நடந்தது என்று எழுதுங்கள் என்று மட்டும் கேட்கிறோம். "இன்வெர்ட்டர் லைனில் வந்துகொண்டிருந்த எர்த் லீக்கேஜைக் கண்டுபிடித்தார்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதைப் படித்துக் காட்டியபோது, "எந்த வீடு? கோட்டாறா?" என்று மட்டும் கேட்டார் அப்பா.

ஏசி மெக்கானிக், மடிப்பாக்கம், சென்னை

கோவை நண்பர் சொன்னதைச் சோதித்துப் பார்த்தேன். என் போனில் தேடினால் பழக்கத்தால் என் பெயரே முதலில் வரக்கூடும் என்பதால் மனைவியின் போனை எடுத்துக்கொண்டு, இன்காக்னிட்டோவில், லொகேஷனை ஆன் செய்து, நேற்று மாலை நடந்தே போனேன். எங்கள் தெருவில் முதலிடம். கைவேலி பக்கம் இரண்டாமிடம். பள்ளிக்கரணை சிக்னலில் முதல் மூன்றில் இல்லை. கேட்டகரி எல்லாவற்றையும் தீர்த்துவிடாது என்பதில் நீங்கள் சொன்னதே சரி.

திரும்பி வரும்போது அந்த அம்மா வாசலில் நின்றார். என் ரிவ்யூ பக்கத்தின் கியூஆர் அட்டையைக் கொடுக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அவர் வீட்டு ஏசியை நான் இன்னும் தொட்டதே இல்லை. கடை எண்ணை மட்டும் ஒரு காகிதத்தில் எழுதி, பெங்களூருக்கு அனுப்பிவிடுங்கள் என்று கொடுத்துவிட்டு வந்தேன்.