ஆசிரியருக்கான முகப்புப் பக்கம்: எதை வைப்பது, எதை விடுவது?

கேள்வி (உயிரியல் ஆசிரியர்):
வணக்கம். கற்பித்தல் முறை குறித்த வலைப்பூக்கள், ஆய்விதழ்களின் புதிய வெளியீடுகள், பாடத்திட்ட அறிவிப்புகள் ஆகியவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதற்குள் முதல் பாடவேளைக்கு மணி அடித்துவிடுகிறது. இவை அனைத்தும் ஒரே பக்கத்தில் வந்து சேரும்படி உலாவியின் முகப்பை அமைத்துக்கொண்டவர்கள் இருந்தால், வழி சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
நீங்கள் தேடுவது புதிய யோசனையன்று. ஒரு தளத்தில் புதிதாக வருபவற்றை வேறொரு பக்கத்தில் காட்ட உதவும், செய்தியோடை எனப்படும் ஆர்எஸ்எஸ் நுட்பமே, 1999இல் நெட்ஸ்கேப் நிறுவனம் தன் 'மை நெட்ஸ்கேப்' முகப்புப் பக்கத்துக்காக உருவாக்கியதுதான். இன்று ஸ்டார்ட்.மீ, புரோட்டோபேஜ் போன்ற தளங்களில், ஒரு வலைப்பூவின் ஓடை முகவரியை ஒருமுறை கொடுத்துவிட்டால், அங்கு புதிதாக வரும் தலைப்புகள் உங்கள் பக்கத்தில் தனிப் பெட்டியாகத் தெரியும். நேச்சர், சயின்ஸ் ஆகிய இதழ்களுக்கும் ஓடைகள் உண்டு. ஓடை இல்லாத அறிவிப்புப் பக்கங்களுக்கு இணைப்பை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 2 (இயற்பியல் ஆசிரியர்):
மேலே சொன்னது சரி; ஆனால் அமைப்பதைவிட வேண்டாதவற்றைக் கழிப்பதே கடினம் என்பது என் அனுபவம். தொடக்கத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட ஓடைகளைச் சேர்த்தேன். இரண்டே வாரங்களில் அந்தப் பக்கத்தைத் திறக்கவே மனம் வரவில்லை. பிறகு, அந்தப் பருவத்தில் நடத்தவிருக்கும் பாடங்களைத் தொடும் ஓடைகளை மட்டும் முதல் பக்கத்தில் நிறுத்தி, மற்றவற்றை வார இறுதியில் பார்ப்பதற்கென வேறொரு பக்கத்துக்கு மாற்றினேன். மின்காந்தவியல் நடத்தும் மாதத்தில் வானியல் செய்திகள் கண்ணில் படாதது சிறிய இழப்புதான்; வகுப்பில் அன்றே பயன்படும் ஒரு சோதனையோ படமோ கையில் கிடைப்பது அதனினும் பெரிது. பொதுச் செய்திகளையும் சமூக ஊடகப் பெட்டிகளையும் அந்தப் பக்கத்தில் அறவே சேர்க்காதீர்கள்.

மறுமொழி 1:
ஒன்று சேர்க்க மறந்துவிட்டேன். 2005இல் தொடங்கிய கூகுளின் முகப்புச் சேவையான ஐகூகுள், 2013 நவம்பர் 1 அன்று நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் அந்நிறுவனத்தின் ஓடைப் படிப்பானான (ஓடைகளைத் திரட்டிப் படிக்க உதவும் சேவை) கூகுள் ரீடரும் மூடப்பட்டது. எந்தச் சேவைக்கும் இது நேரலாம் என்பதால், ஓடைப் பட்டியலை ஓபிஎம்எல் கோப்பாக இறக்கிக்கொள்ளும் வசதி இருக்கிறதா என்பதை முதலிலேயே பார்த்துவிடுங்கள். அந்தக் கோப்பு இருந்தால், வேறு ஓடைப் படிப்பானுக்குப் பட்டியலை முழுமையாக மாற்றிவிடலாம்.

உயிரியல் ஆசிரியர்:
இருவருக்கும் நன்றி. அடுத்த பருவத்தில் மரபியலும் சூழலியலும் வருவதால், அவ்விரண்டுக்கும் தலா மூன்று ஓடைகளுடன் இன்றே தொடங்குகிறேன்.