காலில் பழைய இரத்தக்கட்டு, இடுப்பு நாளத்துக்கு ஸ்டென்ட்: அனுபவப் பகிர்வு

உப்புவெளி அக்கா:

மகள் பிறந்து பத்தாம் நாள் என்ர இடது கால் தொடையிலிருந்து பாதம்வரை வீங்கினது. பிள்ளைப்பேற்று வீக்கம், தானா வடியும் எண்டு வீட்டில சொல்லிச்சினம். ஸ்கான் செய்ய, ஆழ்நாளத்தில (காலுக்குள்ள ஆழத்தில இருந்து இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோற குழாயில) இரத்தம் கட்டியிருந்தது. ஆறு மாதம் இரத்தம் கட்டாம இருக்கிறதுக்கான வாஃபரின் மாத்திரை குடிச்சன். அதோட முடிஞ்சுது எண்டுதான் இருந்தன்.

ஒன்பது வருஷத்துக்குப் பிறகு உள்கணுக்காலில ஆறாத புண். கோணேசர் கோயில் ஏற்றத்தில பாதி வழியிலேயே தொடை வெடிக்கிற மாதிரி இறுகும். காலை உயர்த்தி வைச்சுக்கொண்டு இருந்தால்தான் குறையும்.

கொழும்பில டொக்டர் படம் கீறிக் காட்டினார். இடுப்புக்குள்ள வலப்பக்கத் தமனி, இடக்கால் நாளத்தை முள்ளந்தண்டோட சேர்த்து நசுக்குதாம். இடது காலில கூடுதலாக் கட்டுறதுக்கு அது ஒரு காரணம்.

எங்கட மாமாவுக்கு இதயத்தில ஸ்டென்ட் (இரத்தக்குழாயைத் திறந்து வைக்கிற வலைக்குழாய்) வைச்சு அடுத்த நாளே வீட்டுக்கு வந்தவர். அதே நினைப்பில போனன். இது வேற. புதுக்கட்டு மருந்தில கரையக்கூடும். வருஷக்கணக்கா இருந்தது தழும்பாகி நாளத்தையே அடைச்சுப்போடும். முழங்காலுக்குப் பின்னால கம்பியை விட்டு ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல வழி தேடிச்சினம். கிடைக்கேல்ல, நிப்பாட்டிட்டினம். நான் அழுத அழுகை!

மூன்று மாதத்தால கழுத்துப் பக்கத்தாலயும் கம்பி விட்டுத்தான் கடந்தது. பலூன் ஊதேக்க இடுப்பில பிரசவ நோ மாதிரி நொந்தது. அது ரெண்டு நாள் இருந்தது. வைச்ச ஸ்டென்ட் 16 மில்லிமீற்றர் அகலம். புண் நாலு மாதத்தில காய்ஞ்சுது.

கிண்ணியா தம்பி:

அக்கா, எங்கட வாப்பாவுக்கும் இதே பக்கம்தான். ஸ்டென்ட் வச்சு கால் வத்தின சந்தோஷத்தில, பல் புடுங்கப் போறத்துக்காக யாருட்டயும் கேக்காம இரத்தம் கட்டாம இருக்கக் குடிச்ச மாத்திரைய நிப்பாட்டிட்டார். எட்டாம் நாள் திரும்ப வீங்கிட்டு. ஸ்டென்ட் முழுக்க அடைப்பு. தொடை நாளமும் பழுதுதான், கீழ இருந்து போதுமான இரத்தம் வராட்டி மேல எவ்வளவு பெரிசாத் திறந்தாலும் நிலைக்காது எண்டு டொக்டர் முதலே சொன்னவர். எங்களுக்கு அப்ப அது விளங்கல்ல.

உப்புவெளி அக்கா:

தம்பி, அடைச்சு எத்தினை நாள்? சில நாள்தான் எண்டால் உடன கொண்டுபோங்கோ, கட்டு பழசாக முதல் திறக்க வாய்ப்பு இருக்கு. தொடை நாளத்தின்ர ஸ்கான் றிப்போட்டையும் கையோட கொண்டுபோங்கோ. எனக்கு முதல் கேட்டதே அதைத்தான்.