ஊராட்சி மன்றத்துக்கு மேலடுக்குப் பொறுப்புக் காப்புறுதி: வரம்பை எப்படி முடிவு செய்வது?

பால்மரக்காட்டான்:

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு சிறு நகரில் வசிக்கிறேன். இவ்வாண்டு எங்கள் மாவட்ட மன்றத்தின் உறுப்பினராக நியமிக்கப்பட்டு, நிதிக் குழுவிலும் சேர்க்கப்பட்டிருக்கிறேன். மன்றத்தின் கவனக்குறைவால் பொதுமக்களுக்குக் காயமோ சேதமோ ஏற்பட்டால் இழப்பீடு தரும் பொதுப் பொறுப்புக் காப்புறுதியைப் புதுப்பிக்கும் விவகாரம் அடுத்த கூட்டத்துக்கு வருகிறது. இப்போதைய பத்திரம் ஒரு சம்பவத்துக்கு 20 லட்சம் வெள்ளி (ரிங்கிட்) வரை இழப்பீடு தருகிறது. அதற்கு மேல் 50 லட்சம் அல்லது 80 லட்சம் வெள்ளிக்கு இன்னோர் அடுக்கு, அதாவது மேலடுக்கு, வாங்கலாம் என்று புரோக்கர் நிறுவனம் இரண்டு விலைப்பட்டியல்களை அனுப்பியிருக்கிறது. பிரீமியத்தோடு 8 விழுக்காடு சேவை வரியும் சேர்வதால், சிறிய மன்றமான எங்களுக்கு இது கனமான செலவுதான்.

எங்கள் பொறுப்பில் இருப்பவை இவை: காலைச் சந்தை, வெள்ளிக்கிழமை பசார் மாலாம் (இரவுச் சந்தை) நடக்கும் சாலை, பொது மண்டபம், இரண்டு திடல்கள், கால்வாய்கள், ஆங்கிலேயர் காலத்திலிருந்து நிற்கும் சாலையோர மரங்கள். குப்பை அகற்றும் பணியைக் கூட்டரசிடம் ஒப்படைக்கும் 2007ஆம் ஆண்டின் திடக்கழிவுச் சட்டத்தைப் பேராக் ஏற்காததால் குப்பை லாரிகளும் எங்களுடையவையே. கூட்டத்தில் எல்லாரும் "50ஆ, 80ஆ" என்று மட்டுமே பேசுகிறார்கள். தொகையைத் தவிர வேறு எதைப் பார்க்க வேண்டும் என்று இத்துறையில் இருப்பவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஈப்போ புரோக்கர்:

வணக்கம் ஐயா. தொகையைக் கடைசியில் பாருங்கள். முதலில் இப்போதுள்ள அடிப்படைப் பத்திரம், மேலடுக்குப் பத்திரம் ஆகிய இரண்டின் முழு வாசகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். விலைப்பட்டியலோடு வரும் ஒரு பக்கச் சுருக்கத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். மேலடுக்கு என்பது தனித்து நிற்கும் காப்புறுதி அன்று. கீழே உள்ள பத்திரம் எந்த இடத்தில் முடிகிறதோ, சரியாக அந்த இடத்தில் அது தொடங்க வேண்டும்.

பெரும்பாலான மன்றங்கள் இடறி விழுவது உட்பிரிவு வரம்பில்தான், அதாவது குறிப்பிட்ட ஒரு வகை ஆபத்துக்கு மட்டும் வைக்கப்படும் குறைந்த வரம்பில். உங்கள் அடிப்படைப் பத்திரத்தின் முதல் பக்கத்தில் 20 லட்சம் என்று இருக்கலாம். ஆனால் பின்னிணைப்பாக ஒட்டப்பட்ட தாள்களில் ஏதோ ஒன்றில், மரம் விழுந்து ஏற்படும் சேதத்துக்கு 2 லட்சம் மட்டுமே என்று எழுதியிருக்கக்கூடும். மேலடுக்கோ 20 லட்சத்துக்கு மேல்தான் தொடங்கும். மரம் விழுந்து 30 லட்சம் வெள்ளிக்கு இழப்பீடு வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழ்ப்பத்திரம் 2 லட்சம் தரும். மேல்பத்திரம் 10 லட்சம் தரும். இடையில் உள்ள 18 லட்சம் மன்றத்தின் கணக்கிலிருந்து போகும். அந்த 10 லட்சமும் நிச்சயமில்லை, ஏனெனில் கீழே உட்பிரிவு வரம்புள்ள ஆபத்துகளை மேலடுக்கு முழுமையாக விலக்குவதே வழக்கம். மாடி கட்டிவிட்டுப் படிக்கட்டை மறந்த கதைதான். ஆகவே உட்பிரிவு வரம்புள்ள ஒவ்வொரு தலைப்பையும் பட்டியலிட்டு, அதற்கு மேலடுக்கு உண்டா இல்லையா என்று புரோக்கரிடம் எழுத்தில் பதில் கேளுங்கள். வாய்மொழிப் பதிலுக்கு மதிப்பில்லை.

அடுத்தது ஆண்டு மொத்த வரம்பு, அதாவது ஓராண்டில் எல்லாக் கோரிக்கைகளுக்கும் சேர்த்துத் தரப்படும் உச்சத் தொகை. கீழ்ப்பத்திரத்துக்கு அப்படி ஒரு வரம்பு இருந்து, ஆண்டின் முதல் பாதியிலேயே சிறு கோரிக்கைகள் அதில் 6 லட்சத்தைத் தின்றுவிட்டால், மீதி 14 லட்சம்தான். அப்போது மேலடுக்கு 14 லட்சத்திலிருந்தே இறங்கி வந்து பொறுப்பேற்கும் என்ற வாசகம் இருக்க வேண்டும். இரண்டு பத்திரங்களும் ஒரே நாளில் தொடங்கி ஒரே நாளில் முடிவதும் இதற்காகவே தேவை. கீழ்ப்பத்திரம் சம்பவம் நடந்த தேதியை வைத்தும், மேல்பத்திரம் கோரிக்கை வந்த தேதியை வைத்தும் இயங்கினால் இரண்டும் ஒருநாளும் பொருந்தா. அத்தகைய மேலடுக்கு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன். வழக்கறிஞர் செலவு வரம்புக்குள் கழிக்கப்படுமா, வரம்புக்கு மேல் தனியாகத் தரப்படுமா என்பதையும் பாருங்கள்.

லாரிகளைப் பற்றி ஒரு சொல். சாலையில் லாரி மோதினால் அது 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி எடுக்கும் மோட்டார் காப்புறுதியில் வரும். பொதுப் பொறுப்புப் பத்திரம் அதை விலக்கியிருக்கும். லாரிகளைக் காட்டி மேலடுக்கின் தொகையை உயர்த்தச் சொன்னால் நம்ப வேண்டாம்.

வரிகட்டும் வாசகர்:

எனக்கு இது வீண் செலவாகவே தோன்றுகிறது. ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடிக் கட்டடம் இடிந்து 48 பேர் இறந்த வழக்கிலேயே அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகம் பொறுப்பில்லை என்று கூட்டரசு நீதிமன்றம் 2006இல் தீர்ப்பளித்துவிட்டது. அவ்வளவு பெரிய விபத்துக்கே மன்றம் பணம் கட்ட வேண்டியதில்லை என்றால், ஒரு தோட்டத்துப் பட்டணத்து மன்றத்துக்கு 80 லட்சம் எதற்கு? அந்தப் பணத்தில் எங்கள் வீட்டருகே வாயைத் திறந்துகொண்டு கிடக்கும் கால்வாய்க்கு மூடி போடலாம்.

வழக்குக்கட்டு:

மேலே எழுதிய அன்பரின் ஆதங்கம் நியாயமானது. ஆனால் அந்தத் தீர்ப்பை இங்கே பொருத்த முடியாது. 1993 டிசம்பர் 11 அன்று நடந்த அந்த விபத்துக்கு முந்தைய காலத்துக்கு மன்றத்தைக் காத்தது, 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 95(2)ஆம் பிரிவு. கட்டட வரைபடங்களை ஆய்வு செய்வது, அங்கீகரிப்பது போன்ற பணிகளிலிருந்து எழும் கோரிக்கைகளையே அந்தப் பிரிவு தடுக்கிறது. மன்றமே பராமரிக்க வேண்டிய மரம், திடலில் உள்ள ஊஞ்சல், நீங்கள் சொல்லும் அதே மூடியில்லாத கால்வாய் ஆகியவற்றில் ஏற்படும் காயத்துக்கு அது கேடயம் என்று எண்ணி உட்கார்ந்திருப்பது ஆபத்து. மன்றத்துக்கு உண்மையில் உதவும் பாதுகாப்பு வேறு: 1948ஆம் ஆண்டின் பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டப்படி 36 மாதங்களுக்குள் வழக்குத் தொடுத்தாக வேண்டும். அது காலத்தைத்தான் சுருக்குகிறது, தொகையைச் சுருக்குவதில்லை.

தொகையைப் பற்றிப் பால்மரக்காட்டான் ஐயாவுக்கு: மோசமான ஒரே சம்பவத்தைக் கற்பனை செய்து கணக்குப் போடுங்கள். 1956ஆம் ஆண்டின் குடியியல் சட்டப்படி, 30 வயதும் அதற்குக் கீழும் உள்ளவருக்கு வருமான இழப்பு 16 ஆண்டுகளுக்குக் கணக்கிடப்படும். 31 முதல் 59 வயது வரை, 60இலிருந்து வயதைக் கழித்து இரண்டால் வகுக்க வேண்டும். மாதம் 3,500 வெள்ளி சம்பாதிக்கும் 28 வயதுத் தொழிற்சாலை ஊழியர் என்றால் ஆண்டுக்கு 42,000. பதினாறால் பெருக்கினால் 6,72,000 வெள்ளி. இதிலிருந்து அவருடைய சொந்தச் செலவு கழியும். மரண வழக்கில் குடும்பத்தின் துயரத்துக்கான இழப்பீடு 2019 செப்டம்பர் முதல் 30,000 வெள்ளி. ஆனால் உயிர் பிழைத்துப் படுக்கையில் கிடப்பவருக்கான பராமரிப்பும் சிகிச்சையும் தனித் தலைப்புகள். அவைதான் தொகையை ஏற்றிவிடும். வேலைக்குப் போகாத பள்ளிப் பிள்ளைக்கு வருமான இழப்பு கிடைக்காது என்றாலும், வாழ்நாள் பராமரிப்புச் செலவு கிடைக்கக்கூடும். தொழிற்சாலை ஆட்களை ஏற்றிப்போகும் ஒரு வேன் மீது கிளை முறிந்து விழுந்து நால்வர் பாதிக்கப்பட்டால், 20 லட்சம் எளிதில் தாண்டிவிடும். 2024 மே 7 அன்று கோலாலம்பூர் ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் விழுந்த ஒரே மரம் ஒருவரின் உயிரைப் பறித்து 17 வாகனங்களைச் சேதப்படுத்தியதை எல்லாரும் பார்த்தோம். உங்கள் பட்டணத்தில் அவ்வளவு நெரிசல் இல்லை. என் கணக்கில் 50 லட்சம் அடுக்கு போதும், மரங்களுக்கு அது உண்மையாகவே செல்லும் என்றால்.

இன்னொன்று. 2013ஆம் ஆண்டின் நிதிச் சேவைகள் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணைப்படி, மன்றம் தனக்குத் தெரிந்த முக்கியமான விவரங்களைக் காப்புறுதி நிறுவனத்திடம் மறைக்கக் கூடாது. தமிழ்ப்பள்ளி வாசலில் நிற்கும் அங்சானா மரம் சாய்ந்திருக்கிறது என்று பெற்றோர் சங்கம் படத்தோடு கடிதம் கொடுத்து, அதில் மன்றம் "பெறப்பட்டது" என்று சாப்பும் குத்தி, பொறியியல் பிரிவின் கோப்பில் போட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிதிப் பிரிவு அதை அறியாமலேயே "தெரிந்த ஆபத்து எதுவும் இல்லை" என்று படிவத்தில் கையெழுத்திட்டால், கோரிக்கை நாளில் இரண்டு பத்திரங்களுமே ஆட்டங்காணும். படிவத்தை நிரப்புவதற்கு முன் புகார்க் கோப்புகள் அனைத்தையும் மேசைக்கு வரவழையுங்கள்.

பால்மரக்காட்டான்:

இருவருக்கும் மிக்க நன்றி. இன்று அலுவலகத்தில் பத்திரத்தின் பின்னிணைப்புகளைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். மரங்களுக்கு உட்பிரிவு வரம்பு இருக்கத்தான் செய்கிறது. பசார் மாலாமுக்கும் ஒன்று இருக்கிறது. புல் வெட்டும் வேலையும் கால்வாய் துப்புரவும் குத்தகையாளர்களிடம் இருக்கின்றன. அவர்கள் தவறுக்கும் நம் மேலடுக்கு பொறுப்பேற்க வேண்டுமா?

ஈப்போ புரோக்கர்:

முதலில் அவர்களுடைய காப்புறுதி பொறுப்பேற்கட்டும் ஐயா. புல்வெட்டி எறிந்த கல் கார்க் கண்ணாடியை உடைத்தால் உரிமையாளர் மன்றத்தைத்தான் தேடி வருவார். எனவே குத்தகையாளரின் பத்திரத்தில் மன்றத்தின் பெயரும் காப்புறுதி பெற்றவராகச் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். அதன் நகலைப் பார்க்காமல் வேலை தொடங்க அனுமதிக்கக் கூடாது. மரம், பசார் மாலாம் ஆகிய இரண்டுக்கும் கீழ்ப்பத்திரத்தின் உட்பிரிவு வரம்பை 20 லட்சமாக உயர்த்த என்ன விலை என்று முதலில் கேளுங்கள். அந்த விலை வந்த பிறகே 50 லட்சம் அடுக்கைப் பற்றிக் குழு வாக்களிப்பது நல்லது.