இப்போதே வாங்கலாமா, செப்டம்பர்வரை பொறுக்கலாமா?

நண்பர்களுக்கு வணக்கம். இரண்டு வாரமாக ஒரு முடிவுக்கு வர முடியாமல் திண்டாடுகிறேன், கைகொடுங்கள்.

ஐந்து ஆண்டுகளாக உழைத்த என் ஃபோன் இப்போது மூச்சு வாங்குகிறது. நேற்று 34 சதவீதம் சார்ஜ் காட்டிக்கொண்டிருந்தபோதே பேச்சின் நடுவில் அணைந்துவிட்டது. மறுமுனையில் இருந்த அக்கா, நான் கோபத்தில் துண்டித்ததாக நினைத்து இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கண் வைத்திருப்பது ஐஃபோன்மீது. புதிய மாடல்கள் பெரும்பாலும் செப்டம்பரில்தான் வருகின்றன (2020இல் அக்டோபருக்குத் தள்ளிப்போனது). வந்ததும் பழைய மாடலின் விலை வழக்கமாக இறங்கும். எனக்குப் புதியதே வேண்டும் என்ற பிடிவாதம் இல்லை. விலை இறங்கிய பழையதே போதும். இன்னும் இரண்டு மாதம்தான், ஆனால் இந்த ஃபோனோடு அது இரண்டு யுகம். தவிர, மென்பொருள் புதுப்பிப்பு எத்தனை ஆண்டு கிடைக்கும் என்பது மாடல் வெளியான காலத்தைப் பொறுத்தது, நாம் வாங்கும் நாளைப் பொறுத்ததல்ல. பழையதை வாங்கினால் அதில் ஓராண்டு ஏற்கெனவே கரைந்திருக்கும்.

பேட்டரியை மட்டும் மாற்றி ஓட்டலாமே என்கிறான் தம்பி. ஆனால் இதற்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றுவிட்டன; வங்கிச் செயலியைத் திறக்கவே கை தயங்குகிறது.

இப்படிக் காத்திருந்து வாங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? விலை இறங்கியபின் நீங்கள் விரும்பிய நிறமும் சேமிப்பு அளவும் கிடைத்தனவா, அல்லது மிஞ்சியதைத்தான் எடுத்தீர்களா? பழைய ஃபோனைக் கொடுத்து மாற்றிக்கொண்டவர்கள், இரண்டு மாதத் தாமதத்தில் அதன் மதிப்பு எவ்வளவு குறைந்தது என்றும் சொல்லுங்கள்.