ஃபுல்பிரைட்: உதவித்தொகையைப் பார்ப்பதா, போட்ட ஓட்டைப் பார்ப்பதா?

கடைசிபெஞ்சு:
அமெரிக்காவின் ஆர்கன்சா மாநில செனட்டராக இருந்த ஜே. வில்லியம் ஃபுல்பிரைட் பேரைச் சொன்னாலே, வெளிநாட்டில் படிக்க அவர் பெயரில் தரும் உதவித்தொகையைச் சொல்லி எல்லோரும் கும்பிடுகிறார்கள். வெள்ளையர், கறுப்பினத்தவர் என்று பள்ளிகளைப் பிரித்து வைப்பது செல்லாது என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து 1956இல் தென்மாநிலத்தார் ஓர் அறிக்கை விட்டார்கள். அதில் கையெழுத்துப் போட்ட 19 செனட்டர்களில் இவரும் ஒருவர். 1964 சிவில் உரிமைச் சட்டம், 1965 வாக்குரிமைச் சட்டம் இரண்டையும் எதிர்த்து ஓட்டுப் போட்டார். இவரா பெரிய மனிதர்?

மோர்க்குழம்பு:
ஒரு ஓட்டை வைத்து ஆளை எடை போடாதீர்கள் சார். 1954இல், கண்டவரையெல்லாம் கம்யூனிஸ்ட் என்று குற்றம்சாட்டி விசாரித்த செனட்டர் மெக்கார்த்தியைக் கண்டு வாஷிங்டனே நடுங்கியது. அவருடைய விசாரணைக் குழுவுக்குப் பணம் ஒதுக்கும் தீர்மானத்துக்கு ஆதரவு 85, எதிர்ப்பு 1. அந்த ஒன்று ஃபுல்பிரைட். உதவித்தொகையையும் லேசாகச் சொல்லாதீர்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்க ராணுவத்தின் லாரியும் ஜீப்பும் வெளிநாடுகளில் குவிந்து கிடந்தன. வாங்க அந்த நாடுகளிடம் டாலர் இல்லை. உங்கள் ஊர்ப் பணத்தையே கொடுங்கள், அதில் பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம் என்று 1946இல் சட்டம் கொண்டுவந்தார். என்ன மூளை!

கடைசிபெஞ்சு:
ஒரு ஓட்டா? நான் மூன்று சங்கதி சொன்னேன். கோழையாக இருந்தால் போகட்டும் என்று விட்டுவிடலாம். தனி ஆளாக மெக்கார்த்தியை எதிர்த்தவருக்கு இங்கே மட்டும் துணிச்சல் எங்கே போனது?

மோர்க்குழம்பு:
துணிந்திருந்தால் பதவி போயிருக்கும். அதே ஆர்கன்சாவின் லிட்டில் ராக் எம்.பி. புரூக்ஸ் ஹேஸைப் பாருங்கள். அவரும் அதே அறிக்கையில் கையெழுத்துப் போட்டவர்தான். 1957இல் ஒன்பது கறுப்பின மாணவர்களை ஆளுநர் ஃபாபஸ் பள்ளிக்குள் விடாமல் தடுத்தபோது, அந்த ஆளுநருக்கும் அதிபர் ஐசனோவருக்கும் நடுவே ஹேஸ் சமரசம் பேசப் போனார். செய்த குற்றம் அவ்வளவுதான். அடுத்த ஆண்டு, வாக்குச்சீட்டில் பெயர்கூட அச்சாகாத ஒருவரிடம் தோற்றார்!

ஆற்றுமணல்:
நடுவில் வருகிறேன். பக்கத்து மாநிலமான டென்னசியின் செனட்டர் கீஃபாவர் அந்த அறிக்கையில் கையெழுத்துப் போடவில்லை. 1960இல் மறுபடி ஜெயித்தார். ஃபுல்பிரைட்டுக்கும் தன்னைத் திருத்திக்கொள்ளத் தெரியும். வியட்நாம் போருக்கு வழிவிட்ட டோங்கின் தீர்மானத்தை 1964இல் செனட்டில் 88-2 என்று நிறைவேற்றித் தந்தவரே அவர்தான். 1966இல் அதே போரைப் பற்றி வெளியுறவுக் குழுவில் விசாரணை வைத்து, டிவியில் நாடே பார்க்கச் செய்தார். பள்ளி விஷயத்தில் அந்த வேகத்தைக் காணோம்.

மோர்க்குழம்பு:
சரி, கீஃபாவர் விஷயத்தில் என்னிடம் பதில் இல்லை. ஆனால் 1956 ஃபுல்பிரைட்டுக்குத் தேர்தல் வருடம், அதையும் பாருங்கள்.

கடைசிபெஞ்சு:
பார்த்தேன். 1962இலும் ஜெயித்துவிட்டார். அடுத்த தேர்தல் 1968இல். 1964இல் சிவில் உரிமைச் சட்டத்தை எதிர்த்து ஓட்டுப் போட்டபோது நாலு வருடம் கையில் இருந்தது, நண்பரே.