ஸாட்ஸ்கிளாமர்: ‘பூட்டுவில்’ எனலாமா? (மறுமொழி)

குழுமத்தவருக்கு அன்பு வணக்கம். டொச் (ஜேர்மன்) மொழியில் வினை இரண்டாகப் பிரிந்து வாக்கியத்தின் இரண்டு முனைகளில் நிற்கும் அமைப்பை ‘ஸாட்ஸ்கிளாமர்’ என்பார்கள். அதைத் தமிழில் ‘பூட்டுவில்’ எனலாமா என்று முன்பு எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> ‘வாக்கிய அடைப்பு’ என்றாலே விளங்குமே. செய்யுளுக்குரிய பூட்டுவில்லை டொச் இலக்கணத்துக்குள் ஏன் இழுக்கவேண்டும்?

விளங்கவில்லை ஐயா, அதை வகுப்பில் கண்டபிறகுதான் எழுதினேன். நல்லூரில் பின்னேரங்களில் ஆரம்பநிலை டொச் படிப்பிக்கிறேன். ஜேர்மனியிலுள்ள துணையிடம் போய்ச்சேர அடிப்படை டொச் தெரிந்திருக்கவேண்டும் என்ற விதி 2007இல் வந்தது. அதனால் என்னிடம் வருபவர்களில் அநேகர் கலியாண எழுத்து முடிந்த பிள்ளைகள். ‘அடைப்பு’ என்றதும் அவர்களுக்கு அடைப்புக்குறிதான் நினைவுக்கு வருகிறது. உள்ளே இருப்பதை விட்டுவிட்டும் வாசிக்கலாம் என்று எண்ணுகிறார்கள். டொச்சிலோ ‘சந்தையில் மரக்கறி வாங்கினேன்’ என்பதில் ‘ஹாபெ’ இரண்டாம் இடத்தில் நிற்கும், ‘கெகௌஃப்ட்’ கடைசியில் நிற்கும். சந்தையும் மரக்கறியும் நடுவில் வரும். இரண்டு முனையும் கூடினால்தான் ‘வாங்கினேன்’.

செய்யுளின் முதலிலும் இறுதியிலும் நிற்கும் சொற்கள் தம்முள் பொருள்நோக்குவதைப் பூட்டுவில் என்கிறது நன்னூல். அதற்கு உரைகாரர் காட்டும் வெண்பா ‘திறந்திடுமின்’ என்று தொடங்கிக் ‘கதவு’ என்று முடியும். கதவைத் திறக்கச்சொல்ல டொச்சில் ‘மாஹ் பிட்டெ டீ ட்யூர் அவுஃப்’. ‘மாஹ்’ முதலில், ‘அவுஃப்’ கடைசியில். இரண்டும் சேர்ந்ததுதான் ‘திற’. இந்தப் பொருத்தத்தைக் கண்ட அன்று எனக்கு நித்திரை வரவில்லை. நன்னூலுக்குக் காண்டிகையுரை எழுதிய நாவலரின் ஊரில் இருந்துகொண்டு இந்தச் சொல்லைக் கைவிட மனம் வரவில்லை, ஐயா.

வேறுபாடும் உண்டு. செய்யுளில் அது புலவர் தேர்ந்த அமைப்பு, டொச்சில் இலக்கணக் கட்டாயம். ஆகவே செய்யுளில் பொருள்கொள்ளும் முறையைக் குறிக்கும் ‘பொருள்கோள்’ என்ற சொல் வேண்டாம். ‘பூட்டுவில்’ மட்டும் போதும்.

கடைசிச் சொல்லுக்குக் காத்திருப்பது நமக்குப் பழக்கம்தான். ‘வருவேனா, வரமாட்டேனா’ என்பது தமிழிலும் முடிவில்தானே தெரிகிறது? ‘எர் ஹ்யோர்ட்’ என்று தொடங்கும் வாக்கியம் ‘ட்சூ’ என்று முடிந்தால் அவன் கவனித்துக் கேட்கிறான், ‘அவுஃப்’ என்று முடிந்தால் நிறுத்துகிறான். இதைப் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். இடறுவது முன்முனையில். ‘ஐந்து மணிக்கு எழும்புகிறேன்’ என்பதற்கு வினை முழுவதையும் தமிழ்போலக் கடைசியில் வைத்து ‘இஹ் உம் ஃப்யுன்ஃப் ஊர் அவுஃப்ஷ்டேஹெ’ என்கிறார்கள். ‘ஷ்டேஹெ’ முன்னே போகவேண்டும், ‘அவுஃப்’ மட்டும் கடைசியில் நிற்கவேண்டும். நாண் ஏற்ற வில்லின் இரண்டு முனையும் வேண்டும் என்று பலகையில் வில் கீறிக் காட்டியபிறகு அந்தப் பிழை குறைந்தது.

> துணைவாக்கியத்தில் வினை பிரியாதே, அங்கே பூட்டுவில் ஏது?

நல்ல கேள்வி, அக்கா. ‘வைல் இஹ் உம் ஃப்யுன்ஃப் ஊர் அவுஃப்ஷ்டேஹெ’ (நான் ஐந்து மணிக்கு எழும்புவதால்) என்பதில் வினை ஒன்றாகக் கடைசியில் நிற்கிறது. முன்முனையை ‘வைல்’ பிடித்துக்கொள்கிறது. டொச் இலக்கணகாரரும் அந்த இணைப்புச்சொல்லையே இடப்பக்க முனையாகக் கொள்கிறார்கள். ஆக, சொல் அங்கேயும் பொருந்தும். முனைகளை முற்பூட்டு, பிற்பூட்டு எனலாம்.

இரண்டு பூட்டுக்கும் இடைப்பட்ட பகுதியான மிட்டல்ஃபெல்டுக்கு ‘நடுப்புலம்’ என்று நானே முன்பு எழுதினேன், அதை மீட்டுக்கொள்கிறேன். அந்த வரிசையில், பிற்பூட்டுக்குப் பின் வரும் பகுதியான நாஹ்ஃபெல்ட் ‘பின்புலம்’ ஆகிவிடும். அதற்குத் தமிழில் ஏற்கெனவே வேறு பொருள் இருக்கிறது. முற்பூட்டுக்கு முன் வரும் பகுதிக்கு முன்களம், மற்ற இரண்டுக்கும் நடுக்களம், பின்களம் என்றால் சரிவருமா? திங்கட்கிழமை வகுப்புக்கு முன் உங்கள் கருத்துத் தெரிந்தால் உதவியாக இருக்கும்.