டேப்புக்குள் வைத்த ஆவணக் கண்ட்ரோல் கோப்பைத் திறக்க மறுக்கிறது: அவசரம்

கலங்கரை: வணக்கம். எங்கள் ஆவண மேலாண்மை மென்பொருளில் கோப்பைக் காட்டும் கண்ட்ரோல் (திரையில் வைக்கும் உறுப்பு) தனி ஃபார்மில், அதாவது தனி ஜன்னலில், ஒழுங்காக ஓடுகிறது. அதையே டேப்பில் இருக்கும் பேனலுக்குள் வைத்தால், தொடங்கியதுமே பிழை. நாளை காலை வாடிக்கையாளரிடம் காட்டியாக வேண்டும். உதவுங்கள்.

தென்றல்77: என்ன பிழை? திரையைக் கட்டியது விண்டோஸ் ஃபார்ம்ஸிலா, டபிள்யூபிஎஃப்பிலா? கண்ட்ரோல் டாட்நெட்டா, பழைய ஆக்டிவ்எக்ஸ் வகையா?

முல்லை: 64 பிட் சிக்கல்தான். 32 பிட் ஆக்டிவ்எக்ஸ் 64 பிட் நிரலுக்குள் ஏறாது. நிரலை எக்ஸ்86க்கு, அதாவது 32 பிட்டுக்கு, மாற்றிப் பாருங்கள்.

தென்றல்77: அப்படியென்றால் தனி ஃபார்மிலும் ஓடியிருக்காதே?

பழையவன்: தம்பி, "பிழை" என்று மொட்டையாகச் சொன்னால் நாங்கள் என்ன ஜோதிடமா பார்க்கிறோம்? பிழைச் செய்தியை அப்படியே ஒட்டக்கூட நேரமில்லாதவர் ஆவண மென்பொருள் எழுதுகிறாராம்.

கலங்கரை: விண்டோஸ் ஃபார்ம்ஸ், ஆக்டிவ்எக்ஸ். பிழை இன்வாலிட்ஆக்டிவ்எக்ஸ்ஸ்டேட்எக்ஸெப்ஷன், அதாவது கண்ட்ரோல் இன்னும் தயார் நிலையில் இல்லையாம். ஃபார்ம் திறக்கும்போது நடக்கும் லோட் நிகழ்வில், கோப்பைத் திறக்கும் வரியில் நிற்கிறது. பேனல் இருப்பது இரண்டாவது டேப்பில்.

தென்றல்77: இதை முதலிலேயே எதிர்பார்த்தேன். பயனர் இரண்டாவது பக்கத்துக்குப் போகும்வரை அதற்குள் இருக்கும் கண்ட்ரோலுக்கு விண்டோ ஹேண்டில் (விண்டோஸ் அதை அடையாளம் காணும் எண்) உருவாகாது. நீங்களோ பிறக்காத பிள்ளைக்குப் பெயர் வைக்கிறீர்கள். லோடில் கோப்பின் பாதையை மட்டும் ஒரு மாறியில் வைத்துக்கொள்ளுங்கள். டேப் மாறும்போது நடக்கும் செலக்டட்இண்டெக்ஸ்சேஞ்ச்ட் நிகழ்வில், அந்தப் பக்கம் வந்த பிறகு திறவுங்கள்.

பழையவன்: எல்லாம் டேப் மோகத்தால் வந்த வினை. எம்டிஐயில், அதாவது ஒரே பெரிய ஜன்னலுக்குள் பல ஜன்னல்கள் வைக்கும் முறையில், ஒவ்வோர் ஆவணத்துக்கும் தனி ஜன்னல் இருந்தது.

முல்லை: எக்செல்லே 2013இல் எம்டிஐயைக் கைகழுவிவிட்டது, ஐயா.

பழையவன்: கைகழுவியதால் என்ன லாபம்? ஒரே சட்டத்துக்குள் இரண்டு கோப்புகளை அருகருகே வைத்துப் பார்த்த வசதி போனதுதான் மிச்சம்.

முல்லை: இரண்டு திரை வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், லாபம் தெரியும்.

மழைத்துளி: இடையில் நுழைவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஃபார்மையே பேனலுக்குள் சேர்க்கப் பார்க்கிறேன். மேல்நிலைக் கண்ட்ரோலைச் சேர்க்க முடியாது என்கிறது.

தென்றல்77: சேர்ப்பதற்கு முன் அந்த ஃபார்மின் டாப்லெவல் பண்பை ஃபால்ஸ் ஆக்குங்கள். பிறகு ஷோவை அழைக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் வெற்றுப் பேனல்தான் தெரியும்.

கலங்கரை: டேப் மாறும்போது திறந்தேன், ஓடுகிறது. நன்றி.

தென்றல்77: ஏற்கெனவே திறந்தாயிற்றா என்று ஒரு சோதனை வையுங்கள். இல்லையேல் டேப்புக்குத் திரும்பும் ஒவ்வொரு முறையும் கோப்பு புதிதாகத் திறக்கும், பயனர் சேமிக்காத திருத்தம் காணாமல் போகும். பார்த்தீர்களா?

முல்லை: 32 பிட்டா, 64 பிட்டா என்று கடைசிவரை சொல்லவில்லையே.